ஹேண்டில் பிடித்தவள்

இதில் ராத்திரி கிடையாது, சுடுகாடு கிடையாது, புளியமரமும் கிடையாது. பட்டப்பகல். போன சித்திரையில் ஒரு வியாழக்கிழமை, மரக்காணம் உப்பளத்தில், பகல் பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்து ஒன்றரை வாக்கில் முடிந்துபோன விஷயம் இது. வெயிலில் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்கிறாள் என் மனைவி ஆஸிஃபா. எனக்கு மூளை கலங்கினால் இன்னொருத்தருக்குக் கை போகுமா? படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் நசுருதீன். பொம்மையார்பாளையத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். முப்பது வருடமாகப் பழைய கார்களோடுதான் குடித்தனம். அம்பாசிடர், பியட், ஹெரால்டு என்று எது வந்தாலும் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவேன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான்.

கௌதமன் மரக்காணத்தில் அளம் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைக்கிறவர். அவர் அப்பா ஓட்டிய அம்பாசிடரின் எஞ்சினைக் கழற்றி, அளத்துப் பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் இறைக்கிற பம்புக்கு மாட்டியிருந்தார்கள். இப்போது கரண்ட் மோட்டார் வந்துவிட்டது. மகளை அதே அம்பாசிடரில் கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்று கௌதமனுக்கு ஆசை. எஞ்சின் வெளியே வர வேண்டுமானால் அதன் பின்பக்கம் இருக்கிற பிளைவீல், அந்தக் கனத்த இரும்புச் சக்கரம், முதலில் கழல வேண்டும். மூன்று மெக்கானிக்குகள் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்களாம். அப்படிச் சொன்னால் எனக்குப் பொறுக்குமா? மறுநாளே அவர் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

11.50க்குப் போய்ச் சேர்ந்தோம். அளத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. உப்பு வாருகிறவர்கள் விடியுமுன் வந்து வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வரப்பு ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் எஞ்சின். கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சத்திலிருந்து உள்ளே நுழைந்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை.

பிளைவீல் போல்ட்டைத் திருகினால் எஞ்சினும் கூடவே சுற்றும். முன்பக்கத்தில் ஹேண்டிலை மாட்டி ஒருத்தர் அழுத்திப் பிடித்துக்கொண்டால்தான் பின்பக்கம் போல்ட் கழலும். இது இரண்டு ஆள் வேலை. வாங்க, வந்து பிடியுங்கள் என்று கௌதமனைக் கூப்பிட்டேன். அவர் வாசலைத் தாண்டவில்லை.

"நான் உள்ள வரல பாய். யாரையாவது அனுப்பறேன்."

போய்க் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பெரிய மனுஷன், சட்டை அழுக்காகிவிடும் போலிருக்கிறது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

12.10. ஆள் யாரும் வரவில்லை. சக்கரத்துப் பல்லில் ஸ்குரூடிரைவரைச் செருகி நானே முயற்சி செய்தேன். மூன்று முறை நழுவியது. நான்காவது முறை முனை உடைந்து என் காதோரம் பறந்தது.

12.20. கோபத்தில் ஸ்பேனரைப் போட்டு ஒரே இழுப்பு இழுத்தேன். எஞ்சின் அசையவில்லை. போல்ட் மட்டும் 'கிறீச்' என்று திரும்பியது.

யாரோ முன்பக்கம் பிடித்திருக்கிறார்கள்.

குனிந்து பார்த்தேன். எஞ்சினுக்கு அடியில், அந்தப் பக்கம், இரண்டு கால்கள் தெரிந்தன. பெண் கால்கள். உப்பில் ஊறி வெடித்த பாதங்கள். கணுக்கால் வரை வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. கௌதமன் ஆள் அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன்.

"நல்லா புடிம்மா," என்றேன்.

கண்ணாடி வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

அப்படி ஒரு பிடியை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. என் ஷெட்டில் இரண்டு தடியன்கள் சேர்ந்து பிடித்தாலும் ஹேண்டில் கொஞ்சம் நழுவும். இது துளி நழுவவில்லை. 12.35க்குள் எல்லா போல்ட்டும் கையில் வந்துவிட்டது.

ஆனால் சக்கரம் வரவில்லை. பித்தளைச் சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். டொக்... டொக்... நான் நிறுத்தியபிறகும் ஒரு தட்டு கூடுதலாகக் கேட்டது. உள்ளேயிருந்து.

டொக்.

தகரத்தில் எதிரொலி என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

12.44. பிளோ லாம்பைப் பற்றவைத்து சக்கரத்தின் நடுப்பகுதியைச் சூடாக்கினேன். கருகிய எண்ணெய் நாற்றம் வர வேண்டும். வந்தது வேறு நாற்றம்.

மயிர் பொசுங்குகிற நாற்றம்.

சக்கரம் இரண்டு விரல் அகலத்துக்கு விலகி நின்றது. அதற்குமேல் நகரவில்லை. சரி, இவ்வளவு நேரம் பிடித்த பெண்ணுக்குத் தண்ணீராவது கொடுப்போம் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன்.

யாரும் இல்லை.

தரையில் மூன்று வருட உப்புத் தூசி மாவு மாதிரிப் படிந்து கிடந்தது. அதில் ஒரு காலடிகூட இல்லை.

ஹேண்டிலும் இல்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஹேண்டிலை நான் இன்னும் எடுக்கவே இல்லை. அது கௌதமன் கார் டிக்கியில், என் பைக்குள் இருந்தது...

மணி 12.58. காவலுக்கு ஓதுகிற குர்ஆன் வசனம், ஆயத்துல் குர்ஸி, ஓத ஆரம்பித்தேன். ஆறு வயதிலிருந்து தினம் ஓதுவது. பாதியில் மறந்துபோனது. பயந்துவிட்டேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. கௌதமன்.

"கூப்டீங்களா பாய்?"

"இல்லீங்க."

"பேரச் சொல்லிக் கூப்டீங்களே..."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். இத்தனை நேரம் தாண்டாத வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். முகம் முழுக்க வேர்வை.

"வர்றேன்... அதான் வர்றேன்ல."

அவரே குனிந்தார். அவரே வலது கையை நீட்டினார். சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருந்த அந்த இரண்டு விரல் இடுக்கில் செருகினார்.

டங்.

சக்கரம் மூடிக்கொண்டது.

மணி 1.07.

அவர் போட்ட சத்தத்தை நான் எழுத மாட்டேன். கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். கடப்பாரை வளைந்தது. ஜாக்கியை வைத்தேன். அது தெறித்து விழுந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். மறுபடி நெம்பினேன்.

கௌதமன் கத்தினார்.

"எஞ்சின நிறுத்துங்க பாய்... நிறுத்துங்க..."

எந்த எஞ்சினை? பெட்ரோல் கிடையாது. கார்புரேட்டர் கிடையாது. பம்பு குழாயை எப்போதோ அறுத்துவிட்டார்கள்.

ஆனால் வெளியே தண்ணீர் பாய்கிற சத்தம்.

சளசள... சளசள...

வளையல் சத்தம்.

சளசள...

நின்றது.

மணி 1.33. சக்கரம் தானாக நழுவித் தரையில் விழுந்தது.

எஞ்சின் தண்டில் கறுப்பாக ஏதோ சுற்றியிருந்தது. கூந்தல். உப்பு ஏறி இறுகிப்போன ஒரு முழுக் கூந்தல்.

கௌதமனைத் தோளில் சாய்த்து வெளியே இழுத்து வந்தேன். கொட்டகையை ஒட்டிய பாத்தி, நாங்கள் வந்தபோது காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இப்போது வரப்பு விளிம்புவரை தண்ணீர் நின்றது.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு கையை எடுத்துவிட்டார்கள். என்ன நடந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கூந்தலை மட்டும் அங்கே போட்டுவிட்டு வர மனசு கேட்கவில்லை. ஷெட்டில் ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் என் ஷெட்டுக்கு வந்தாள். பெயர் பாக்கியலட்சுமி, கௌதமன் அளத்தில் உப்பு வாருகிறவள் என்றாள். அந்தக் கூந்தலைக் கொடுங்கள், கடலில் விட வேண்டும் என்று கேட்டாள். நான் அதை எடுத்துப் போனதை ஆம்புலன்ஸ்காரர்கள் சொன்னார்களாம். அது அவளோடு உப்பு வாரிய அம்சவள்ளியுடையது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் கூந்தல் பம்பு பெல்ட்டில் மாட்டி, ஆளை இழுத்து பிளைவீலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் போட்டுவிட்டது. உயிர் இருந்திருக்கிறது. வரப்பில் வழுக்கி விழுந்து செத்ததாகக் கௌதமன் வெளியே சொன்னாராம்.

துணியைக் கையில் வாங்கிக்கொண்டவள், கௌதமன் கை எவ்வளவு நேரம் மாட்டியிருந்தது என்று கேட்டாள். இருபத்தாறு நிமிஷம் என்றேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"ஒரு பாத்தி ரொம்பறதுக்கு அவ்ளோ நேரந்தான் ஆவும் பாய். நடுவுல எஞ்சின நிறுத்தினா பம்பு காத்து வாங்கிடும், மறுபடி தண்ணி ஏத்த அரை நாள் ஆவும். பாத்தி ரொம்பட்டும், அப்பறம் நிறுத்தறேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. அதுவரைக்கும் அவ கத்திக்கினே இருந்தா. நாங்க ஆறு பேர் நின்னு பாத்துக்கினு இருந்தோம்."

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். குரல் இறங்கிவிட்டது.

"அவ வேற யார் பேரையாவது கூப்ட்டாளா பாய்?"

என் காதில் எதுவும் விழவில்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் அவள் நம்பவில்லை. துணியை மார்போடு அணைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.