சித்தப்பா சொன்ன பாதி வசனம்

இயேசு ஒன்று சொல்லி, அவருடைய அப்போஸ்தலர் பவுல் வேறொன்று சொன்னது மாதிரி இருந்தால் யார் பேச்சைக் கேட்பது என்று போன வாரம் ஞாயிறு பள்ளி முடிந்து வந்து கேட்டீர்கள், பிள்ளைகளா. நான் பத்தாவதோடு நின்றவன். விளக்கம் வேண்டுமானால் போதகரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் இதே கேள்வி ஒருமுறை எங்கள் வீட்டுச் சாப்பாட்டுப் பாயிலும் வந்து உட்கார்ந்தது. அதைச் சொல்கிறேன்.

எண்பதுகளில் நாங்கள் ராஜபாளையத்தில் இருந்தோம். அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ராத்திரி ஜெபம் முடிந்ததும் ஆளுக்கொரு வேத வசனம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் தட்டில் சோறு விழும். விருந்தாளிக்கும் அதே சட்டம்தான்.

அந்த வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தப்பா வேலை பார்த்த பஞ்சு ஆலையை மூடிவிட்டார்கள். சித்தியை மம்சாபுரத்தில் அவள் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு, எங்கள் ஊர் மில்லில் வேலை தேட வந்து எங்களோடு தங்கினார். விடியுமுன் கிளம்பிப் போவார், இருட்டிய பிறகு வருவார். வசனம் என்றால் தினமும் ஒன்றே ஒன்றுதான். இயேசு கண்ணீர் விட்டார் என்பது. வேதத்திலேயே சின்ன வசனம் அதுதான் என்று எங்களுக்கும் தெரியும். நானும் அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

"ஏலே, இன்னும் எம்புட்டு நாளைக்கு அவரை அழ வைக்கப் போற?" என்பார் அப்பா.

முதலில் அது கேலியாகத்தான் இருந்தது. பஞ்சர் ஒட்ட வந்த ஒருவர், "ஒந்தம்பி எந்நேரமும் மில்லு எதுத்தாப்ல மரத்தடியிலயே நிக்கான்" என்று கடையில் வைத்துச் சொன்ன பிறகு அப்பாவின் முகம் மாறிவிட்டது. அன்று ராத்திரி தன் முறை வந்தபோது, வேலை செய்ய மனசில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் எழுதியதைச் சொன்னார். சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சித்தப்பா எழுந்தார். "பசிக்கல, மதினி. செத்த நேரம் வெளிய போயிட்டு வாரேன்."

அவர் போனதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "இது யாரு சொன்னது?"

"பவுல்."

"கர்த்தர் என்ன சொன்னாரு? பசியா இருந்தேன், சாப்பாடு போட்டியளான்னுல்ல கேட்டாரு. அவிய பேச்சுக்குப் பொறவுதான மத்தவுக பேச்சு?"

"எல்லாம் ஒரே வேதந்தான். புடிச்சதை மட்டும் பிச்சு எடுக்கப்படாது."

"இப்பம் பிச்சு எடுத்தது நானா?"

அம்மாதான் ஜெயித்தாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் பக்கம் இயேசுவே இருந்தாரே. அக்கா, அப்பாதான் ஜெயித்தார் என்றாள். அப்பா என்றால் ஜெயிக்கத்தான் வேண்டும் என்பது அவள் எண்ணம்.

அதன் பிறகு சித்தப்பா நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகே வந்தார். சாப்பிட்டாச்சு என்பார். எங்கே என்று அம்மா கேட்டால் குனிந்துகொள்வார். இப்படியே நாலைந்து நாள் போயிருக்கும். ஒருநாள் அவர் வரும்வரை அம்மா யாருக்கும் சோறு போடவில்லை. எனக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. அவர் தலை தெரிந்ததும், "உக்காருங்க தம்பி. வசனத்தைச் சொல்லுங்க, எல்லாரும் சாப்பிடணும்" என்றாள்.

கண்ணீர் விட்ட வசனத்துக்காக நானும் அக்காவும் சிரிக்கத் தயாராக இருந்தோம்.

சித்தப்பா அதைச் சொல்லவில்லை. திராட்சைத் தோட்டத்துக்காரர் பற்றி இயேசு சொன்ன கதையிலிருந்து ஒரு துண்டைச் சொன்னார். பொழுது சாயும் நேரத்தில் தோட்டத்துக்காரர் ஆள் தேடிக் கடைவீதிக்கு வருகிறார். அங்கே நிற்பவர்களிடம், பகல் முழுக்க ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள் அவர்கள்.

அதோடு நிறுத்திவிட்டார்.

"இது பாதிதான்" என்றேன் நான். மீதி எனக்கு மனப்பாடம். அவர்களையும் தோட்டத்துக்கு அனுப்பி, காலையிலிருந்து உழைத்தவர்களுக்குக் கொடுத்த அதே கூலியை அவர் கொடுப்பார். "முழுசாச் சொன்னாத்தான சோறு?"

"ஏலே, சும்மா இரு. அம்புட்டும் வசனந்தான்" என்றார் அப்பா. பிறகு அம்மாவிடம், "அவனுக்கு மொதல்ல போடு" என்றார்.

மறுநாள் விடிகாலையில் சித்தப்பாவைச் சைக்கிளில் பின்னால் வைத்துக்கொண்டு அப்பாவும் மில்லுக்குப் போனார். கடையை மத்தியானம்தான் திறந்தார். மரத்தடியில் ஒரு கூட்டமே நின்றதாம். வேலைக்கு வராத ஆளுக்குப் பதிலாக அவர்களில் ஒருவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார்களாம். மற்றவர்கள் அடுத்த ஷிப்டு சங்கு ஊதும்வரை அங்கேயே நிற்க வேண்டுமாம். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அப்பாவின் குரல் இறங்கியிருந்தது.

எல்லாம் ஒரே வேதம் என்பதை அப்பா கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் தட்டு முன்னால் உட்கார்ந்த யாரிடமும் அந்தப் பவுல் வசனத்தை அவர் மறுபடி சொல்லி நான் கேட்டதில்லை.

சித்தப்பாவுக்கு அந்த மில்லிலேயே வேலை கிடைக்க இன்னும் சில மாதம் ஆனது. அதுவரை தினமும் அந்தப் பாதியைத்தான் சொன்னார். மீதியைச் சொல்லிக்கொடுக்க நான் எவ்வளவோ முயன்றேன். மறந்துபோகிறது என்பார். மனப்பாடம் செய்யச் சோம்பல் என்று நினைத்தேன். மீதி இன்னும் அவருக்கு நடக்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.