சுரூபத்தின் அடியில் இருந்த பெயர்

பலெர்மோவுக்கு முதலில் வந்த தமிழர்கள் பூசை கண்ட கோயிலின் வரலாற்றை ஆண்டு மலருக்காக எழுதிக்கொண்டிருந்தேன். பல்லரோ சந்தைக்குப் பின்னால் பூட்டிக்கிடந்த அந்தச் சிறிய கோயிலை இத்தாலியப் பாதிரியார் நமக்குத் தந்த நாள் முதல் அதன் திறப்புக் கொத்தை வைத்திருந்தவரை அங்கேயே போய்ச் சந்தித்தேன். ஒடிசலான மனிதர். காலையில் நான்கு கட்டடங்களின் படிகளைக் கழுவிவிட்டு வந்திருந்தார். கடைசி வாங்கில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அமர்ந்தவர், ஒவ்வொரு பதிலுக்கும் முன் கண்களை மூடித் திறந்தார்.

“குழந்தையேசுவோடை நிக்கிற அந்தோனியார் சுரூபம் எப்ப வந்தது அண்ணை?” என்று கேட்டேன்.

“அது அந்தோனியார் இல்லைத் தம்பி, கயித்தானார் எண்ட வேறை புனிதர். முதல் கிழமை தூசி துடைக்கேக்கை அடியிலை பேரைக் கண்டனான்.”

“ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

“அதுக்குள்ளை சனம் மெழுகுதிரியோடை முழங்காலிலை நிண்டிட்டுது. இஞ்சை இருக்க ஒருத்தரிட்டையும் பெர்மேசோ விசா இல்லை. அந்த நேரம் போய், ஆள் மாறிப்போச்செண்டு சொல்லவோ?” சிரித்தார். “கயித்தானாரும் கோவிக்கேல்லை. பெர்மேசோவும் வந்தது.”

“மலரிலை பிழையாய் எழுதேலாதே அண்ணை.”

“அது உங்கடை பாடு. இவ்வளவு காலமும் இதை மனசுக்குள்ளை நான் வச்சிருந்து களைச்சுப் போனன். இனி நீங்கள் வச்சிருங்கோ.”

சப்பாத்தை மாட்டிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

மலரில் அந்தோனியார் என்றே அச்சாகியது. திருத்தம் என் நாட்குறிப்பில் மட்டும் இருக்கிறது. இத்தனை ஞாயிறுகளும் அவர் அங்கே யாரைக் கும்பிட்டார் என்று கேட்காமல் விட்டுவிட்டேன். இப்போது அந்தச் சுரூபத்தின் முன் நின்றால், எந்தப் பெயரைச் சொல்லிச் செபத்தைத் தொடங்குவதென்று எனக்கே தெரிவதில்லை.