பீலி வைத்த சுவர்

'பெயர்: தங்கையா. தொழில்: சிறு வியாபாரம்.' இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை அவரைப் பற்றிச் சொல்வது இவ்வளவுதான். அட்டை பொய் சொல்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆளைப் பார்க்காமல் பேசுகிறது. தங்கையா தன் வாழ்நாளில் ஒரு தீப்பெட்டிகூட விற்றதில்லை.

மண்டபம் முகாமில் எழுத்தர் ஒருவர், இனி என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார். தேயிலை மலை எங்கே இருக்கிறதோ அங்கே விட்டால் போதும் என்றார் தங்கையா. தோட்ட வேலைக்கான இடங்கள் நிரம்பிவிட்டன, வியாபாரத்தில் மட்டும் இடம் இருக்கிறது என்றார் எழுத்தர். இப்படியாக, கப்பலில் ஏறும்போது தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவராக இருந்தவர், இறங்கி வரிசையில் நின்று முடிப்பதற்குள் வியாபாரி ஆகிவிட்டார். ஆன கையோடு நீலகிரிக்கு ஏறி, அடுத்தவர் தோட்டங்களில் பழையபடி கவ்வாத்து வெட்டினார். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் இருந்தவரை அவரை 'இந்தியாக்காரன்' என்றார்கள். குன்னூரில் 'சிலோன்காரர்' என்றார்கள். எந்த ஊரில் இருக்கிறாரோ அதைத் தவிர மற்ற ஊருக்குச் சொந்தக்காரர்.

பிறகு தேயிலை விலை சரிந்தது. விற்கிற இலைக்குப் பறிக்கிற கூலிகூடக் கட்டவில்லை என்று சிறு தோட்டக்காரர்கள் செடியைக் காடாக விட்டார்கள். தங்கையா வேலை செய்த எஸ்டேட்டை மூடுகிறோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை, காலையில் பேர் பதிகிற மஸ்டருக்கு ஆள் கூப்பிட மறந்துபோனார்கள். பிறகு அந்த மறதி நிலைத்துவிட்டது. லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, சனம் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கியது. தங்கையாவின் மகள் வனிதா புருஷனோடு ஏற்கெனவே அங்கேதான் இருந்தாள். அப்பாவும் அம்மாவும் வந்துவிடலாம் என்று சொல்லியும் அனுப்பினாள். அவர்களுடைய வீடு ஒரே அறை.

"மாப்பிள்ளை ஊட்டுல போயி, அவரு சட்டைய மாத்துறப்ப செவத்தப் பாத்துக்கிட்டு உக்காரவா?" என்றார் தங்கையாவின் மனைவி அன்னக்கிளி. அதற்கு மேல் அந்தப் பேச்சு வளரவில்லை. குன்னூரிலேயே தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும், இல்லாவிட்டால் மாப்பிள்ளையின் சுவர். நிலைமை அதுதான்.

கூரை கிடைத்தது. அதன்மேல் ஒரு கடையும் இருந்தது. மார்க்கெட்டுக்குப் போகும் சரிவில் நூர் அகமது பாயின் தேயிலைத் தூள் கடை. சாலையிலிருந்து பார்த்தால் சின்னக் கட்டடம், பள்ளத்திலிருந்து பார்த்தால் பெரிய கட்டடம். மலையூர்களில் இது வழக்கம், யாரும் இதை மோசடி என்று சொல்வதில்லை. கடைக்கு மேலே பாயின் வீடு. கடைக்குக் கீழே, சாலையின் மண்ணுக்குள் முதுகைக் கொடுத்தபடி ஓர் அறை. அதன் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு முழங்கை கனத்தில் பழைய இரும்புக் குழாய் ஒன்று உள்ளே வந்து மேலே ஏறியது. குழாயில் ஓட்டை இல்லை. குழாயும் சுவரும் சேரும் இடத்தில்தான் தண்ணீர் வந்தது. சாலைக்கு அடியில் குழாய் புதைந்த பாதை முழுக்க மலையின் ஊற்று வழிந்து, அங்கே வந்து எட்டிப் பார்த்தது. முன்பு அந்த அறை பாயின் கிடங்காக இருந்தது. தேயிலைத் தூள் ஈரத்தையும் வாசனையையும் கேட்காமலே வாங்கிக்கொள்ளும் பொருள். ஒரு மழைக்காலத்தில் அடுக்கிய மூட்டைகள் எல்லாம் பூசணம் பூத்து நாறியதிலிருந்து பாய் அந்தப் பக்கமே இறங்குவதில்லை. முழங்கால் வலி என்று காரணம் சொல்லிக்கொண்டார்.

"ஒழுகறதாலதானுங்க அந்த ரூம உங்களுக்குத் தர முடியுது. ஆனா ஒழுகாமப் பாத்துக்கோணுமுங்க" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில், முழு மனதோடு சொன்னார்.

ஆக, ஒழுகும்வரை அறை தங்கையாவுடையது. நின்றுவிட்டால் அது கிடங்கு. நிறுத்துவது தங்கையாவின் பொறுப்பு. இந்த ஏற்பாட்டில் ஏதோ உதைக்கிறது என்று அன்னக்கிளிக்குத் தோன்றியது. ஆனால் பாத்திரங்களை இறக்கிவைத்தாகிவிட்டது.

அடைக்கும் யோசனையை இரும்புச் சாமான் கடை ஹெர்பர்ட் கொடுத்தார். குழாய் வேலைக்கும் அவர்தான் போவார். அவருக்குத் தண்ணீரைப் பற்றி ஒரு கொள்கை இருந்தது. "தண்ணியும் விருந்தாளியும் ஒண்ணு தங்கையா. கதவ நல்லாச் சாத்தினா வேற ஊடு பாத்துப் போயிரும்." தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுகிவிடும் ஒரு சிமெண்டுப் பொடியைக் கொடுத்து அனுப்பினார். தங்கையா குழாயைச் சுற்றிக் கொத்தி, சணலைத் திணித்து, பொடியைக் குழைத்து, உள்ளங்கை சூடேறும்வரை அழுத்திப் பிடித்தார். நின்றது. அவர் படியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் இதை எப்படிச் செய்தார் என்று விளக்கினார்.

அவர் விளக்கி முடிப்பதற்குள் சுவர் வியர்க்கத் தொடங்கியது. முதலில் மூலையில், பிறகு நடுவில், பிறகு அடுப்புக்கு நேர் மேலே. குழம்பில் சுண்ணாம்புக் காரை உதிர்ந்தது.

"முந்தி ஒரு எடத்துல அழுதுச்சு. இப்ப செவரு மொத்தமும் ஒப்பாரி வைக்குது" என்றார் அன்னக்கிளி. கரண்டியால் காரையை எடுத்துப் போட்டுவிட்டு, "லயத்துல மலைத் தண்ணிய யாராச்சும் அடைச்சோமா? பீலிதான வச்சோம்" என்றார்.

இலங்கைத் தோட்டத்துச் சனத்துக்குப் பீலி என்றால் தண்ணீர் விழும் இடம். சரிவில் ஊறுகிற நீருக்கு ஒரு மூங்கில் பிளாச்சையோ குழாய்த் துண்டையோ செருகி, இந்த வழியாகப் போ என்று காட்டிவிடுவார்கள். குளிப்பது, துவைப்பது, சண்டை போடுவது எல்லாம் அங்கேதான். தங்கையா இரண்டு நாள் பேசாமல் இருந்தார். பிறகு அந்த யோசனை தனக்கு வந்ததாக அறிவித்து, உளியை எடுத்தார்.

அடைத்ததைவிட, அடைத்ததைப் பெயர்ப்பது சிரமமாக இருந்தது. வேலை அவ்வளவு ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தது. குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு துளை விட்டு, அதில் துண்டுக் குழாய் ஒன்றைச் செருகி, மற்ற பக்கமெல்லாம் மறுபடி சணலும் சிமெண்டும் வைத்து இறுக்கினார். தண்ணீர் துண்டுக் குழாய் வழியாக வந்து, தரையில் வெட்டிய சிறு வாய்க்காலில் ஓடி, வாசலைத் தாண்டிப் பள்ளத்து ஓடைக்குப் போனது. சுவர் காய்ந்தது. அறை இப்போது ஒழுகியது, ஒழுகவில்லை. இரண்டையும் சத்தியம் பண்ணிச் சொல்லலாம்.

பாய் மாடிப்படியின் தலையிலிருந்தே விசாரித்தார். "ஏனுங்க தங்கையா, தண்ணி நின்னுதுங்களா?"

"பீலி வச்சிருக்கேன் பாய்."

பாய் "சரிங்க" என்று போய்விட்டார். அவருக்குத் தெரிந்த பீலி மயிலிறகு. தர்காவில் மயிலிறகுக் கட்டால் தலையைத் தடவிவிடுவதையே அவர் ஒப்பாதவர். தன் கட்டடத்தில் ஒருவர் ஒழுகுகிற சுவருக்கு மயிலிறகு வைத்திருக்கிறார் என்பது அவரை உறுத்தியது. அதே சமயம், அடுத்தவர் நம்பிக்கையில் கைவைக்கக் கூடாது என்ற மரியாதையும் இருந்தது. எனவே அவர் தங்கையாவிடம் கேட்கவில்லை, மார்க்கெட்டில் எல்லோரிடமும் சொன்னார். மயிலிறகுக்கு நிற்கிற தண்ணீர் உலகத்தில் இல்லை, ஆகையால் அறை நனைந்துதான் இருக்கும் என்று முடிவும் கட்டிவிட்டார்.

உண்மை தெரிந்தவர் மாடியில் இருந்தார். பாயின் மனைவி ஹபீபுன்னிசா பின்படி வழியாக இறங்கிவந்து அந்தப் பீலியில்தான் போர்வைகளை அலசினார். வீட்டுக்காரர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதை அவர் சிரித்துச் சிரித்து அன்னக்கிளியிடம் சொல்ல, அன்னக்கிளி தங்கையாவிடம் சொன்னார்.

"சொல்லிரலாமா?" என்று கேட்டார் அன்னக்கிளி.

"நாம பொய் சொன்னமா?"

"இல்ல."

"அப்பத் திருத்துறதுக்கு என்னா இருக்கு?"

குன்னூரில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் பலர் ஒப்பந்தத்தை நம்பி இருந்தார்கள். தங்கையா ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதை நம்பி இருந்தார்.

அடுத்த கோடையில் நகராட்சித் தண்ணீர் வருவது வதந்தியாகிப்போனது. பீலியில் மட்டும் விரல் கனத்தில் விழுந்துகொண்டிருந்தது. குடிக்க ஆகாது, மற்ற எல்லாவற்றுக்கும் ஆகும். தெருவின் குடங்கள் கீழே இறங்கத் தொடங்கின. குடம் நிறைய நேரமாகும். அதுவரை தங்கையா ஹட்டனைப் பற்றிப் பேசுவார். அங்கே பனி இதைவிட அடர்த்தி, துரை இதைவிடக் கெட்டவர், தேத்தண்ணி இதைவிட ருசி. அங்கே இருந்தபோது அந்தத் தேத்தண்ணியைக் கழுநீர் என்று திட்டியவரும் அவரேதான். ஒருநாள் யாரோ ஒருத்தி, குடத்துக்கு இவ்வளவு என்று வாங்கினால்தான் என்ன, பக்கத்தில் ஒரு டப்பா வையுங்கள் என்றாள்.

தங்கையாவுக்குக் கோபம் வந்தது. "தண்ணிய விக்கிறதுக்கு நான் என்னா வியாபாரியா?"

குடங்களின் வரிசை கடை வாசல்வரை நீண்டதும் பாய்க்குச் சந்தேகம் வந்தது. தேயிலை விலை இதற்குமேல் இறங்க இடமில்லை என்று மார்க்கெட்டே பேசிக்கொண்டிருந்த சமயம் அது. மலிவாக வாங்கி அடுக்கி வைத்தால் ஏறும்போது விற்கலாம். எல்லோரும் கிடங்கு தேடினார்கள், பாயும் தேடினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் படியிறங்கி வந்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். உள்ளங்கையை மோந்தும் பார்த்தார்.

"இதுங்களா பீலி?"

"இதுதான் பாய். வேற என்னான்னு நெனச்சீங்க?"

பாய் மறுபடி சுவரைத் தடவினார். "காஞ்சு கெடக்குதுங்களே" என்றார். "இந்த ஓட்டையையும் அடைச்சுப்போட்டா மூட்ட அடுக்கலாமுங்க. ஒரு மாசம் டைம் எடுத்துக்கோங்க. எனக்கும் வேற வழி இல்லீங்க."

தங்கையா உண்மையைச் சொன்னார். அடைத்தால் தண்ணீர் நிற்காது, வேறு வழி தேடும், ஒரு தடவை அடைத்துப் பார்த்தாகிவிட்டது என்றார். ஆனால் அந்த உண்மையால் லாபம் அடையப்போவது தங்கையா ஒருவர்தான். அதனால் பாய் அதை நம்பவில்லை. மயிலிறகை ஒரு வார்த்தை கேட்காமல் நம்பியவர், கண்ணால் பார்த்த துளையை நம்பவில்லை. ஹெர்பர்ட்டைக் கூப்பிட்டார். ஹெர்பர்ட் தன் கொள்கையோடும் பொடியோடும் வந்து, துண்டுக் குழாயின் வாயில் மரக்கட்டை அடித்து, மேலே பூசி, பீலியை மூடினார். அன்னக்கிளி பாத்திரங்களைச் சாக்கில் கட்டினார். வனிதாவுக்குச் சொல்லியனுப்பினார்கள். மாப்பிள்ளைக்கும் சந்தோஷம்தான் என்று பதில் வந்தது. அது அன்னக்கிளியை இன்னும் கலங்கடித்தது.

சுவர் வியர்த்தது. வெயில்காலத்து வியர்வை, பூச்சு காய்ந்தால் சரியாகிவிடும் என்றார் ஹெர்பர்ட். அப்புறம் கோடை மழை பிடித்தது. தார் மேல் தார் போட்டு உயர்த்தியதில் சாலை மேலே போய், கடை ஒரு படி தாழ்ந்துவிட்டிருந்தது. அந்தத் தாழ்ந்த தரையின் இடுக்கு வழியாக, ஹெர்பர்ட் சொன்னதுபோலவே, தண்ணீர் வேறு வீடு பார்த்துக்கொண்டது. காலையில் பாய் கடை திறந்தபோது அடித்தட்டு மூட்டைகள் நின்ற இடத்திலேயே தேநீர் ஆகியிருந்தன.

ஹபீபுன்னிசா மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, சிலோன்கார அண்ணனைக் கூப்பிடச் சொன்னார். கட்டிய சாக்கிலிருந்து உளியைத் தேடி எடுக்கத் தங்கையாவுக்கு நேரம் பிடித்தது. பூச்சைக் கொத்தி, கட்டையைப் பக்கவாட்டில் தட்டித் தட்டி அசைத்தார். அது பிடுங்கிக்கொண்டு எதிர்ச்சுவரில் போய் மோதியது. பின்னாலேயே தண்ணீர் மண்ணோடு பாய்ந்து, மெல்ல நிறம் தெளிந்து, பழைய விரல் கனத்துக்கு வந்தது. மேலே கடைத் தரை மதியத்துக்குள் வடிந்துவிட்டது.

பாய் படியின் நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க தங்கையா" என்றார். "அந்த மயிலிறக அப்படியே வெச்சிருங்க."

அன்னக்கிளி சாக்கை அவிழ்த்தார். திருப்பூருக்கு மறுபடி சொல்லியனுப்பினார்கள். மாப்பிள்ளை வருத்தப்பட்டதாகத் தகவல் இல்லை.

தேயிலை விலைக்கு இன்னும் இறங்க இடம் இருந்தது. வாங்கி அடுக்கியவர்கள் அடுத்த வருடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தார்கள். அடுக்க இடமில்லாமல் வாங்காமல் விட்ட நூர் அகமது பாய்க்கு முன்யோசனைக்காரர் என்ற பெயர் நிலைத்தது. அதை அவர் மறுக்கவில்லை. ஹெர்பர்ட் தன் கொள்கை நிரூபணமாகிவிட்டது என்றே சொல்லிவந்தார். அதுவும் தப்பில்லை. தங்கையா ஏதோ காரியமாகத் தாலுகா அலுவலகத்துக்குப் போனபோது, அட்டையைப் பார்த்து, தொழில் அதே வியாபாரம்தானா என்று கேட்டார்கள். அதே என்றார்.

அவர் எதையும் விற்கவில்லை. அவர் செய்ததெல்லாம் சுவரில் குழாயைச் சுற்றி அடைத்து, தண்ணீர் போக அடியில் ஒரு துளை விட்டதுதான்.