எருமை நட்சத்திரத்து மாப்பிள்ளை

குதிரையைப் பற்றி அந்நாளில் நான் அறிந்ததெல்லாம் பதிகங்களின் வழியே அறிந்ததுதான். ஈசன் குதிரைச் சேவகனாக வந்ததையும், நரிகள் பரியாகி மறுபடியும் நரியாகி ஊளையிட்டதையும் உருகி உருகிப் பாடுவேன். உயிருள்ள குதிரை ஒன்று பக்கத்தில் வந்து மூச்சுவிட்டாலோ, பத்தடி தள்ளிப் போய் நின்றுகொள்வேன். இத்தகைய ஒருவனைத்தான் சைகோனில் ஒரு பெண்குதிரைக்கு மாப்பிள்ளை பார்க்க அழைத்துப் போனார்கள்.

அழைத்தவர் புதுச்சேரிக்காரர், கத்தோலிக்கர், பிரெஞ்சுப் பட்டாளத்துக் குதிரைப் பிரிவில் இருந்தவர். பட்டாளம் கப்பலேறிய பின்பும் அவர் ஏறவில்லை. சவாரிப் பள்ளி ஒன்றில் அதிகாரிகளின் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் கற்பித்து வந்தார். நாங்கள் அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி முசே, அதாவது ஐயா, என்போம். நான் நடுச்சந்தைக்கு அருகே ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தேன். மாலைதோறும் அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் அவருடைய மைதானம் இருந்தது. ஒருநாள் என் நெற்றித் திருநீற்றைக் கண்டு வேலிக்கு அப்பாலிருந்து "சாமிக்கு எந்த ஊரு?" என்று குரல் கொடுத்தார். காரைக்கால் என்றேன். அன்று தொடங்கியது எங்கள் நட்பு. அவர் என் பதிகங்களைக் கேட்பார். நான் வேலிக்கு வெளியே பாதுகாப்பாக நின்று அவருடைய குதிரையைப் பார்ப்பேன்.

அந்தக் குதிரையை அவர் "என் பொண்ணு" என்றுதான் சொல்வார். மேனியெல்லாம் நீறு பூசியது போன்ற சாம்பல் நிறம். ஆடல்போலக் குதிரையை அடி வைக்கச் செய்கிற ஒரு சவாரிக் கலை உண்டு. பிரெஞ்சில் அதைத் திரெசாழ் என்பார்கள். சவுக்கு இல்லை, அதட்டல் இல்லை. ஏறியிருப்பவர் முழங்காலால் ஒன்று நினைக்கக் குதிரை அதைக் காலால் சொல்லவேண்டும். அப்பெண் அதைச் சொல்லும்போது, தில்லையைக் காணாதவனும் கண்டதாக எண்ணிக்கொள்ளலாம். தாளத்துக்குத் தாளம் கால் எழும். எழுந்த கால் மண்ணுக்கு வர மனமின்றி ஒரு கணம் காற்றிலேயே தங்கும்.

ஒன்றுமட்டும் அதற்கு வராது. நிற்க வராது.

ஆட்டத்தின் முடிவில் குதிரை அசையாமல் நிற்கவேண்டும். சவாரி செய்பவர் தொப்பியைக் கழற்றி நடுவர்களை வணங்கவேண்டும். பள்ளியின் ஆண்டுவிழாவில் முசே தொப்பியைக் கழற்றியதுதான் தாமதம், பெண் சுழலத் தொடங்கிவிட்டது. நடுவர்களுக்கு என்று புறப்பட்ட வணக்கம் பாதி கொடிக்கம்பத்துக்கும், மீதி வேலியோரம் கரும்புச்சாறு விற்ற அம்மாளுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாள் எழுந்து நின்று பதில் வணக்கம் செய்தாள். மைதானமே சிரித்தது. முசே சிரிக்கவில்லை.

ஆண்டுகள் போயின, பெண்ணுக்கும் வயது ஏறியது. கால்நடை வைத்தியர் சோதித்துவிட்டு, இனி ஒரே ஒரு பேறுதான் தாங்கும் என்றார். அன்று முசே வேலியருகே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு குட்டி, சாமி. அதுவும் நிக்காதுன்னா, இவளோட ஆட்டம் இவளோட போச்சு. ஆடத் தெரிஞ்சும் மார்க்கு வாங்காத ஜாதின்னு ஆயிடும்."

"நல்ல ஆண்குதிரையாப் பாருங்க, முசே."

"பாக்கத்தான் போறேன். நீங்களும் வரணும். அப்புறம்..." என்று சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஜாதகம் பாக்கணும்."

நான் திகைத்தேன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர் அவர்.

"என்ன அப்படிப் பாக்குறீங்க? கோயில் வேற, கல்யாணம் வேற. எங்கம்மா செபமாலையைக் கையில வச்சிக்கிட்டேதான் எனக்குப் பொருத்தம் பாத்தாங்க. பங்குச் சாமியாருக்கு மட்டும் தெரிய வேணாம்."

என்னிடம் பழைய பஞ்சாங்கங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. பெண் பிறந்த நாளைத் தேடிப் பார்த்தால், நட்சத்திரம் அசுவினி! பொருத்தம் பார்க்கும் முறையில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு விலங்கைச் சொல்வார்கள். அசுவினிக்கு உரியது குதிரை. குதிரைக்குக் குதிரை நட்சத்திரமே வாய்த்ததை எண்ணி நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். முசே சிலுவை போட்டுக்கொண்டார்.

முதலில் பார்த்த மாப்பிள்ளை, பின் யுவோங் என்ற ஊருக்குப் போகிற சாலையில் ரப்பர் தோட்டம் நடத்திய ஒரு பிரெஞ்சுக்காரருடையது. முசேயின் மனைவியும் உடன் வந்தார். மீ தோ ஊரில் பிறந்த வியட்நாமியப் பெண்மணி. மணமான புதிதில் புதுச்சேரியில் மாமியாரோடு வாழ்ந்து, அந்த மாமியாரின் தமிழை அதன் சூட்டோடு வாங்கி வந்தவர். வழியெல்லாம் மடியில் ஒரு தாம்பாளம். அதில் வெற்றிலை, வாழைப்பழம், கரும்பு.

"தட்டு எதுக்கு?" என்றார் முசே.

"பொண்ணு வூட்டுக்காரங்க வெறுங்கையோடவா போவாங்க? உங்கம்மா சொல்லிக் குடுத்தது."

தோட்டத்துக்காரர் தாம்பாளத்தைக் கண்டு விழித்தாரே தவிர, நாகரிகமாக ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டார். பிறகு ஆண்குதிரையை அவிழ்த்துவரச் சொன்னார்.

செம்பொன் நிறம். கழுத்தோ வில். அது வந்த வரவைக் கண்டதும் முசேயின் வாய் திறந்தது; திறந்த வாய் வீடு திரும்பும்வரை மூடவில்லை. பெண் எப்படி ஆடுமோ அப்படியே, அதற்கு ஒருபடி மேலாகவே ஆடிற்று. பிடித்திருந்த இருவரையும் கயிற்றோடு முற்றம் முழுவதும் இழுத்துச் சென்றது. நான் வழக்கமான என் பத்தடியை இருபதடியாக்கிக்கொண்டேன்.

பிறந்த தேதியைக் கேட்டு வந்து பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். பிரான்சில் பிறந்ததற்கு நம்மூர்ப் பஞ்சாங்கம் செல்லுமா என்று ஓர் ஐயம் எழுந்தது. சந்திரன் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று முசே தீர்ப்பளித்தார். நட்சத்திரம் சதயம். சதயத்துக்கும் உரிய விலங்கு குதிரைதான்! மற்றப் பொருத்தங்களும் வரிசையாகக் கூடி வந்தன. மனிதப் பிள்ளைகளுக்குக்கூட நான் அப்படியொரு பொருத்தத்தைக் கண்டதில்லை.

"முடிஞ்சிது சாமி!" என்று முசே துள்ளினார். "குதிரைக்குக் குதிரை. அதே ஆட்டம், அதே திமிரு."

அம்மையார் தாம்பாளத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ரெண்டு பேரும் ஆடினா, நிக்கிறது யாரு?"

"நீ சும்மா இரு. ஜாதகமே சொல்லுது."

"ஒரே எடத்தைப் பாத்துட்டா முடிப்பாங்க? எனக்கு முன்னாடி நீங்க எத்தனை வூட்டுல பஜ்ஜி தின்னீங்கன்னு உங்கம்மா சொல்லியிருக்காங்க."

அந்தப் பஜ்ஜிக் கணக்கு மேலும் வெளிவராதிருக்கும்பொருட்டே முசே அடுத்த வாரம் தூ டுக் என்ற ஊருக்குப் புறப்பட்டார் என்பது என் கருத்து.

அங்கே ஓய்வுபெற்ற வியட்நாமியக் கால்நடை வைத்தியர் ஒருவர் இருந்தார். அவருடைய ஆண்குதிரையும் திரெசாழ் பயின்றதுதான். இளமையில் பிரான்சிலிருந்து வந்தது. ஆனால் பார்வைக்கு! மங்கிய பழுப்பு நிறம், நீண்ட முகம், கழுதைக்கு உரியவற்றை இரவல் வாங்கியது போன்ற காதுகள். முசே என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.

தாம்பாளத்தை அம்மையார் நீட்டினார். வைத்தியர் வாங்குவதற்கு முன்னரே மாப்பிள்ளை தலை குனிந்து கரும்பைத் தின்றார், பழத்தைத் தோலோடு தின்றார், கடைசியில் வெற்றிலையையும் ஒன்றொன்றாகத் தின்று முடித்தார். அவ்வளவுக்கும் கால்கள் நான்கும் நட்ட தூண்கள். வாத்துக் கூட்டம் ஒன்று அவருடைய வயிற்றுக்கு அடியில் புகுந்து போயிற்று. அசையவில்லை. அந்நேரம் மழையும் பிடித்துக்கொண்டது. வைத்தியர் குதிரையிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு எங்களோடு தாழ்வாரத்துக்கு ஓடிவந்தார். நாங்கள் தேநீர் அருந்தி முடிக்கும்வரை, கட்டுக்கயிறு இல்லாமல், முற்றத்து நடுவில், கண்களைப் பாதி மூடிக்கொண்டு அது நின்றது. கருவறையில் நின்ற கோலத்துப் பெருமாளுக்குத் திருமஞ்சனம் ஆவதைச் சைவனாகிய நான் அன்று தூ டுக்கில் சேவித்தேன்.

மழை விட்டபின் வைத்தியர் அதை ஓட்டிக் காட்டினார். மயக்குகிற ஆட்டம் என்று சொல்லமாட்டேன். ஆனால் முசேயின் முகத்தில் இருந்த அலட்சியம் மெல்லக் கரைந்தது. அவர் ஈரத்தரையில் குந்தி உட்கார்ந்து அதன் பின்னங்கால்களையே பார்த்தார்.

"சாமி, பாருங்க. பின்னங்கால் வயித்துக்கடியில வந்து பாரத்தை வாங்குது. என் பொண்ணு வாங்கமாட்டா. எல்லாப் பாரமும் முன்னால விழும். நிறுத்தினா முன்னால சாயற மாதிரி இருக்கும் அவளுக்கு, அதான் ஓடுறா." சொல்லிவிட்டு, தாம் சொன்னதைத் தாமே முதன்முறையாகக் கேட்டவர்போல விழித்தார்.

இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் அவர் அறியாததா அது? அறிந்தேதான் இருந்தார். மாப்பிள்ளை தேடுவதாகச் சொல்லி அவர் தேடியது, தம் பெண்ணையே இன்னொரு முறை.

இனி ஜாதகம். வைத்தியர் தேதியை மனப்பாடமாகச் சொன்னார். நான் பஞ்சாங்கத்தைப் புரட்டினேன், மீண்டும் புரட்டினேன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறையும் புரட்டினேன். சுவாதி. சுவாதிக்கு உரிய விலங்கு எருமை. குதிரைக்கும் எருமைக்கும் சோதிடத்தில் தீராப் பகை.

"எருமையா!" முசே எழுந்தே விட்டார். "என் பொண்ணை எருமைக்குக் குடுக்கச் சொல்றீங்களா? காதைப் பாத்தப்பவே நெனைச்சேன்!"

அம்மையார் சிரித்த சிரிப்பில் தேநீர்க் கிண்ணம் கவிழ்ந்தது. "எருமைன்னா நல்லதுதானே? மழையில எப்படி நின்னுச்சு, பாத்தீங்கல்ல? அவளுக்கு வேண்டியது அதுதான். அண்ணே, நீங்க சொல்லுங்க."

இருவரும் என்னை நோக்கினர். ஒருபுறம் பஞ்சாங்கம், மறுபுறம் மழையில் நின்ற தூண். நான் சொன்னேன்:

"முசே, எங்க சாமிக்கு ஒரு பாதி சாம்பல், ஒரு பாதி சந்தனம். ஒரு காதுல பாம்பு, ஒரு காதுல தோடு. அந்தப் பக்கம் புலித்தோல், இந்தப் பக்கம் பட்டு. மலையரசன் பொருத்தம் பாத்திருந்தா அந்தக் கல்யாணமே நடந்திருக்காது. அவரு ஆடுறப்ப பக்கத்துல நின்னு பாக்குறதுக்கு அம்மா இருக்காங்க. ரெண்டு பேரும் ஆடியிருந்தா உலகம் என்னத்துக்கு ஆகும்? நாம பாக்குற பொருத்தம் ஒரு வீட்டுல சண்டையில்லாம வாழறதுக்கு. இதுங்க ரெண்டும் சேந்து குடித்தனமா பண்ணப்போவுதுங்க?"

"உங்க சாமி சொல்லிட்டாரு. எங்க சாமியைக் கேக்கணுமே" என்று முனகினார் முசே.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் நேரே மைதானத்துக்குப் போனார். நானும் வேலியருகே இருந்தேன். பெண்மீது ஏறி, ஒரு சுற்று ஆட வைத்து, நடுவில் நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். அது சுழன்றது. மறுபடி நிறுத்தினார். மறுபடி சுழன்றது. அவர் இறங்கி, அதன் நெற்றியில் தம் நெற்றியை வைத்துக்கொண்டு சற்று நேரம் இருந்தார்.

"எருமையே ஆகட்டும்" என்றார்.

குட்டி பிறந்தது, பெண். கருநிறத்தில் பிறந்து போகப்போக நீறு பூக்கிற மேனி, அம்மாவின் கண்கள். காதுகளைப் பற்றிக் கேட்கவேண்டாம். அம்மையார் அவற்றை முத்தமிட்டு, "சுவாதி, சுவாதி" என்று கொஞ்சினார். முசேக்கோ நெஞ்சில் இடி. பிறந்த மறுநாள் முதல் அது ஓரிடத்தில் நிற்கவே இல்லை. லாயத்தைச் சுற்றிச் சுற்றித் துள்ளியது. "ஆட்டம் மட்டும் வந்திருக்கு, சாமி" என்று ஆண்டுக்கணக்கில் புலம்பினார். எல்லாக் குட்டிகளும் துள்ளும் என்பதைக் குதிரைப்படைக்காரருக்கு, குதிரைக்கு அஞ்சும் நான் எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது.

அது வளர்ந்து, பழகி, விழாவில் ஆடவேண்டிய நாளும் வந்தது. போர் நெருங்கி நகரம் அதற்குள் மாறியிருந்தது. மைதானத்து ஓரத்தில் மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். கரும்புச்சாறு அம்மாள் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தாள். சாம்பல் தாயை முசே வேலியருகே கட்டியிருந்தார். நானும் அதன் பக்கத்தில் நின்றேன், ஐந்தடித் தூரத்தில். அதுவே என் வளர்ச்சி.

மகள் நுழைந்தது. தாயின் அடவுகள் ஒவ்வொன்றாக வந்தன. எழுந்த கால் காற்றில் தங்கியது. ஆட்டம் முடிந்து மைதானத்து நடுவுக்கு வந்ததும் முசே நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். அந்தச் சமயம் பார்த்து ஒரு ஹெலிகாப்டர் மைதானத்துக்கு மேலே தாழ்ந்து வந்தது. புழுதி எழுந்தது, நடுவர்களின் குடை பறந்தது, நான் கண்களை மூடி ஐந்தெழுத்தைச் சொன்னேன்.

கண் திறந்தபோது, நீள்காதுகள் இரண்டும் நிமிர்ந்திருக்க, நான்கு கால்களும் நட்ட தூண்களாய், தூ டுக்கின் மழை முற்றம் அங்கே நின்றுகொண்டிருந்தது.

வணக்கம் முழுவதும் நடுவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் முசே தொப்பியைத் தலைக்குக் கொண்டுபோகவில்லை. கையில் பிடித்தபடியே இருந்தார். தோள்கள் குலுங்கின. வெளியேறச் சொல்லி நடுவர் மணியடித்தார். மறுபடி அடித்தார்.

"தொப்பி! முசே, தொப்பி!" என்று வேலியிலிருந்து அம்மையார் கத்தினார்.

என் பக்கத்தில் தாய்க்குதிரை மாற்றி மாற்றிக் கால் வைத்து ஆடிக்கொண்டே இருந்தது. மகளோ, மேலே இருப்பவர் அழுது முடிக்கட்டும் என்று, கண்களைப் பாதி மூடிக்கொண்டு நின்றது.