டைனமோவைக் கழற்றிய கதை

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டைனமோ என்றால்தான் தெரியும். அதையும் அவர் யாரோ மேடையேற்றிப் பட்டம் கொடுத்த மாதிரி பெருமையாக வாங்கி வைத்துக்கொண்டார். மாடியில் குடியிருக்கும் எனக்குத்தான் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

மாமா எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துவது வேலை. எடை குறைந்தால் சொந்தக்காரர் கடை என்றுகூடப் பார்க்க மாட்டார். அதே பிடிவாதத்தைத்தான் காரிலும் காட்டினார். அவர் பிறப்பதற்கு முன்பே ஓட ஆரம்பித்துவிட்ட கார் அது. எவர் கொட்டகையிலோ துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையையும் அதன் அடியில் படுத்தே கழித்து, ஓட வைத்தார். ஃபேக்டரியிலிருந்து எப்படி வெளியே வந்ததோ அப்படியே இருக்க வேண்டும், ஒரு திருகாணிகூட மாறக் கூடாது என்பது அவர் சட்டம்.

அந்தச் சட்டத்தில் வந்து உட்கார்ந்ததுதான் டைனமோ. இஞ்சின் ஓடும்போது பெல்ட்டால் சுற்றி, பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும் உருளை. வண்டி வேகமாகப் போனால் ஏற்றும். மெதுவாகப் போனாலோ சிக்னலில் நின்றாலோ கையை விரித்துவிடும். பேட்டரி இறங்க ஆரம்பிக்கும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் பின்னால் வந்த கார்களில் ஆல்டர்னேட்டர் வைத்தார்கள். இஞ்சின் ஓடினால் போதும், வண்டி நின்றாலும் அது வேலை செய்யும். ஊர் உலகத்துக்கே தெரிந்த இந்த விஷயம் எங்கள் வீட்டு வாசலுக்குள் மட்டும் வர முடியவில்லை.

மாமா காரில் ஏறினால் ஆயிரம் கட்டுப்பாடு. ஹெட்லைட் போட்டால் வைப்பர் கூடாது. வைப்பர் போட்டால் ஹாரன் கூடாது. சிக்னலில் நின்றால் ஆக்ஸிலேட்டரை மிதித்து உறும விட்டுக்கொண்டே இருப்பார். பக்கத்தில் நிற்கிறவர்கள், கிழவன் வம்புக்கு வருகிறான் என்று நினைத்து முறைப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றி உள்ளே தூக்கிக்கொண்டு போய் சார்ஜில் போடுவார். மறுபடி கிளம்பும்போது தூக்கி வந்து மாட்டுவார். இது தினப்படி வேலை.

"ஏன் மாமா, ஒரு ஆல்டர்னேட்டர் மாட்டினா என்ன குடியா முழுகிடும்?" என்று நானும் கேட்டுப் பார்த்தேன்.

"தராசுத் தட்டு அடியில ஈயம் ஒட்டுறவனை நான் என்ன பண்ணுவேன்?"

"கேஸ் போடுவீங்க."

"அப்ப பேசாம இரு."

இவரோடு எந்த மனுஷன் பேசுவான்?

ஆனால் அக்கா பேசுவாள், அதுவும் அந்தக் காரில் மட்டும். அவளுக்குத் துணிக்கடையில் வேலை. நாள் முழுக்க நின்றபடியே புடவையை விரித்துக் காட்டி மடித்து வைக்க வேண்டும். இருட்டிய பிறகு கடை மூடும்போது மாமா காரோடு போய் நிற்பார். வீடு வந்து சேர அரை மணி நேரம். வீட்டுக்குள் இரண்டு பேரும் ஊமை. அவர் ஏதாவது பாகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார், அவள் அடுப்படியில் இருப்பாள். ஆனால் தெரு முனையில் கார் திரும்பும்போதே அக்காவின் சிரிப்பு மாடிக்குக் கேட்கும். அன்றைக்கு வந்த வாடிக்கையாளர்களை அவள் நடித்துக் காட்ட, அவர் முத்திரை குத்தப் போன கடைகளின் திருட்டுத்தனத்தைச் சொல்ல, அவர்கள் குடும்பம் நடத்தியதே அந்த அரை மணி நேரத்தில்தான் என்பேன்.

ஒரு மழை நாளில் அதற்கும் வேட்டு வைத்தது டைனமோ. போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து வந்ததில் பேட்டரி தீர்ந்து, ஹெட்லைட் மங்கிப் போயிற்று. இந்த மகானுபாவர் அக்கா கையில் டார்ச்சைக் கொடுத்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டி வழி காட்டச் சொல்லியிருக்கிறார். அவளும் நனைந்துகொண்டே நீட்டியிருக்கிறாள். கார் சாக்கடை ஓரத்தில் ஏறி நின்றது. அக்காவின் முழங்கால் முன்னால் இடித்து வீங்கிவிட்டது.

"இனிமே நான் பஸ்ல வந்துக்கறேன். நீங்களும் உங்க டைனமோவும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னபடி பஸ்ஸில்தான் வந்தாள். நாளெல்லாம் நின்ற கால், வீங்கின முழங்காலோடு பஸ்ஸிலும் நின்றது. மாமா என்ன செய்தார் தெரியுமா? அவள் ஏறிய பஸ்ஸின் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். பஸ் நின்ற ஸ்டாப்பில் எல்லாம் அவரும் நின்று உறுமினார். கண்டக்டர் ஒரு நாள் இறங்கி வந்து, "யோவ், உனக்கு என்னய்யா வேணும்?" என்று சண்டை பிடித்தார். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஓர் உருளையை மாற்றினால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு ஒன்றரை மாதமாக இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிக்கு ஏறி வந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்.

"பொறுமையை வரச் சொல்லு. மாத்திடலாம்."

பொறுமை என்பது எங்கள் பகுதி கார் எலக்ட்ரீஷியன். எதற்கெடுத்தாலும் "பொறுமை சார், பொறுமை" என்று சொல்லியே அந்தப் பெயர் வந்துவிட்டது. மனம் மாறுவதற்குள் ஓடிப் போய் அவரைக் கையோடு கூட்டி வந்தேன். மத்தியானத்துக்குள் டைனமோ இறங்கி, பொறுமையிடம் இருந்த ஒரே ஆல்டர்னேட்டர் ஏறிவிட்டது. டைனமோவைத் துடைத்துத் துணியில் சுற்றி மாமா அலமாரியில் வைத்தபோது மட்டும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"சார், ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க" என்றார் பொறுமை. "உங்க பழைய வண்டியில பேட்டரியோட பிளஸ் பாடிக்குப் போகும். இதுக்கு மைனஸ்தான் பாடிக்குப் போகணும். அதான் பேட்டரியையே திருப்பி வச்சிருக்கேன். மாத்திக் கொடுத்தீங்க, புகைஞ்சிரும்."

"எனக்கேவா சொல்றீங்க?" என்றார் மாமா.

லைட் போட்டுப் பார்த்தோம். கொட்டகைச் சுவர் பளிச்சென்று தெரிந்தது. அக்காவுக்கு அன்றைக்கும் கடை உண்டு. நானே போன் செய்தேன். யாரோ வாடிக்கையாளருக்கு விலை சொல்லி முடித்தாள். பிறகு, "சரி, வரச் சொல்லு. லைட்டைப் பார்த்துட்டு ஏறலாமா வேண்டாமான்னு சொல்றேன்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டாலே தெரியும், ஏறிவிடுவாள்.

சாயங்காலம் நான் கீழே வந்தபோது மாமா தேய்த்த சட்டை போட்டு, தலை படிய வாரி, பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து வருகிறார்.

"அதை எதுக்கு மாமா கழட்டினீங்க? இப்பதான் தானா சார்ஜ் ஏறுமே?"

"பழக்கம்டா. மத்தியானம் என்னை அறியாம கழட்டிட்டேன். நேரமாச்சு, தள்ளு."

வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பேட்டரியை இறக்கினார். பேட்டரி முனையில் மாட்டும் கிளாம்ப் சரியாக இறங்கவில்லை. சுத்தியலால் தட்டி இறக்கினார். அடுத்ததையும் வைத்தார். படீரென்று ஒரு பொறி, பிறகு புகை, பிறகு ஒயர் கருகும் நாற்றம். வருஷக்கணக்காக வைத்த மாதிரியே வைத்திருக்கிறது கை. அவர் பிளஸ்ஸையும் மைனஸையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பொறுமை வந்து மோந்து பார்த்து, ஆல்டர்னேட்டர் போய்விட்டது, வேறு வர ஒரு வாரம் ஆகும் என்றார். அக்காவுக்குப் போனில் சொன்னேன். ஷட்டர் இறக்கிய கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"வேணும்னே பண்ணியிருப்பார்" என்றாள், போனை வைத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற மாமாவுக்கும் அது கேட்டது.

"சார், அதுவரைக்கும் டைனமோவைத் திருப்பி மாட்டிடறேன். ஒரு மணி நேர வேலை" என்றார் பொறுமை.

"வேண்டாம்."

"மாமா, மாட்டித் தொலைங்க! அக்கா பஸ்ல நின்னுக்கிட்டு வரணும்!" என்று கத்தினேன். டைனமோவைக் கழற்றச் சொல்லிக் கழுத்தை அறுத்த நானே அதை மாட்டச் சொல்லிக் கெஞ்சும்படி ஆகிவிட்டது பாருங்கள்.

"மாட்டினா, டைனமோவுக்காகத்தான் எரிச்சேன்னு அவ நினைக்கிறது நிஜம்னு ஆயிடும்" என்றார். பானெட்டை இறக்கி மூடினார். பொறுமை தன் பையை எடுத்துக்கொண்டு, வழக்கமாகச் சொல்வதைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

அக்கா நொண்டிக்கொண்டே வந்தாள். பையை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"டைனமோவையாவது மாட்டுங்க. எனக்குக் கால் வலிக்குது."

"மாட்டினா நீ நம்ப மாட்டே."

"நான் இப்பவும் நம்பல."

கடைக்காரர்கள் காலில் விழுந்தாலும் கத்தினாலும் குரல் உயர்த்தாத மனிதர் அவர். அன்றைக்கு ஜன்னல் அதிரக் கத்தினார்.

"நம்பலையா? இந்த ஒன்றரை மாசமா நான் யார்கிட்ட பேசினேன்? சொல்லு! கடைக்காரன் ஒருத்தன் எடைக்கல்லுல ரப்பர் ஸ்டாம்ப்பை வெச்சு முத்திரைன்னு ஏமாத்தப் பார்த்தான். உன்கிட்ட சொல்லணும்னு சொல்லணும்னு வெச்சிருந்து, அது பழசாவே போச்சு. அந்த அரை மணி நேரம் வேணும்னுதான் அதைக் கழட்டினேன். அதை நானே கொளுத்துவேனா?"

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் போன மாதிரியும் தெரியவில்லை, போகாத மாதிரியும் தெரியவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இதெல்லாம் வண்டியிலதான் சொல்லணுமா? இங்கயும் நான்தானே இருக்கேன்?"

மாமா கரி படிந்த கையைத் தேய்த்த சட்டையிலேயே துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார், உட்கார இடம் தேடுகிறவர் மாதிரி. அவள் எதிரில் இருந்த நாற்காலியில் பழைய கார்பரேட்டர் ஒன்றின் பாகங்கள் பரப்பிக் கிடந்தன. எத்தனையோ வருஷமாக அங்கேதான் பரப்பி வைத்திருந்தார்.

நான் அவற்றை அள்ளிக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போனேன்.