கொல்லைக்கு வந்த களம்

நிரவிப் பக்கம் இருந்த மரைக்காயர் பண்ணையைப் பல வருஷம் கட்டி மேய்த்தவர் ஆஸியா பீவி. ஆனால் கணவர் இருந்தவரை அந்தப் பண்ணையின் ஒரு வரப்பைக்கூட அவர் மிதித்தது கிடையாது. காரைக்கால் டவுனில், வீட்டுக் கொல்லைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டே நாற்று விட்டார், உரம் போட்டார், மடை திறந்தார். கணவர் சேக் அலாவுதீன் மரைக்காயருக்குச் சைகோனில் துணி வியாபாரம். கப்பல் ஏறினால் அறுப்புக்குத்தான் ஊரில் முகம் காட்டுவார். பயிர் அதுவரை காத்திருக்குமா?

தினமும் காலையில் பண்ணையின் தலைமையாள் கருப்பையன் கிணற்றடியில் வந்து நிற்பான். கூடவே அவன் மனைவி அல்லி. வயல் மண்ணில் ஒரு கட்டி, பூச்சி விழுந்த தாளில் ஒரு பிடி என்று அல்லி கொண்டுவந்து கதவிடுக்கில் நீட்டுவாள். பீவி முகர்ந்து பார்ப்பார், நகத்தால் கிள்ளிப் பார்ப்பார், "தண்ணிய வடியவிடுங்க" என்பார். சில நாள் தப்பாகவும் சொல்லியிருக்கிறார். அப்போது அல்லி, "பீவிம்மா, வேணாம்" என்பாள். பீவி கேட்டுக்கொள்வார். அந்தக் கேட்டுக்கொள்ளும் குணத்தால்தான் பண்ணை நடந்தது என்பது என் கட்சி.

ஒன்றே ஒன்றுதான் அவர் கையில் இல்லை. தை மாதம் கதிரடித்து நெல்லை அளக்கும்போது உடையவர் களத்தில் இருக்க வேண்டும். யார் முன்னால் நெல் அளக்கப்படுகிறதோ, அவரைத்தான் அடுத்த அறுப்பு வரைக்கும் பண்ணைக்கு உடையவர் என்று ஆட்கள் ஏற்பார்கள். அந்தப் பண்ணையின் வழக்கம் அது.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய கையோடு வந்த கார்த்திகையில், ஊருக்கு வந்திருந்த மரைக்காயர் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். பீவி இத்தாவில் உட்கார்ந்தார். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக்கூடாது, அந்நிய ஆண் முகம் பார்க்கக்கூடாது. வயலில் கிச்சிலிச் சம்பா தலை சாயத் தொடங்கியிருந்தது.

நிலம் பீவிக்கும், சின்னப் பெண் கமர் நிஷாவுக்கும், மரைக்காயரின் அண்ணன் முகம்மது இப்ராஹிமுக்கும் பங்கு பிரியாமல் கிடந்தது. அண்ணனைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். குத்தகைக்கு விட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்து கிடப்பதுதான் விவசாயம் என்று நம்பியவர், அவ்வளவுதான். ஒருநாள் தெரு ஜன்னலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார்.

"புள்ள ஆஸியா, களத்துல நான் போயி நிக்கிறேன். சித்திரையோட குத்தகைக்கு வுட்டுடுவோம். ஒடையவன் பாரா வேலை ஒரு மொழம் கட்டைன்னு சும்மாவா சொன்னாங்க?"

"இந்தத் தடவ மட்டும் பொறுங்க மச்சான்."

"இத்தா வூட்டுல ஆம்பள காலு வைக்கக்கூடாது. அப்பறம் யாரு முன்னால நெல்ல அளப்பாங்க? ஒன் சன்னல் முன்னாலயா?"

குத்தகைக்காரன் சொந்த ஆட்களோடு வருவான். கருப்பையனும் அல்லியும் அவர்களோடு உழைத்த அத்தனை பேரும் வேறு ஊருக்கு வேலை தேடிப் போகவேண்டியதுதான். அதை நினைத்துத்தான் பீவிக்குச் சோறு இறங்கவில்லை. ஐம்பத்திரண்டு புயலில் அவர்கள் கூரையெல்லாம் பறந்தபோது இந்தக் கொல்லையில்தான் எல்லோரும் ஒதுங்கினார்கள். நெல் பத்தாயம் காலியாகும் வரை எல்லோருக்கும் ஒரே உலை.

மறுநாள் அல்லி மட்டும் உள்ளே வந்தாள். பீவி வெள்ளை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். "களத்துக்கு நான் வரமுடியாது அல்லி. அல்லாவோட நாட்டம் அதுதான்னா நான் என்ன செய்ய?"

அல்லி கொல்லையைப் பார்த்தாள். தென்னை மரங்கள், கிணறு, அதற்கப்பால் வண்டி திரும்புகிற அளவுக்கு வெறும் தரை.

"நீங்க களத்துக்கு வரக்கூடாது, சரி. களம் இங்க வரக்கூடாதுன்னு ஒங்க வேதத்துல இருக்கா?"

பீவி விழித்தார். "கதிரடிக்கிறது ஆம்பளைங்கல்ல?"

"அறுக்கிறது யாரு? கட்டுத் தூக்குறது யாரு? அடிக்கிறதுக்கு மட்டும் மீசை வேணுமா பீவிம்மா?"

கணவர் போன பிறகு பீவி முதல் முறையாகச் சிரித்தார். சிரித்ததற்காக உடனே மன்னிப்புக் கேட்டுத் தவ்பாவும் செய்துகொண்டார்.

பண்ணைப் பெண்கள் திரண்டு வந்து கொல்லையைச் செதுக்கிச் சாணம் போட்டு மெழுகினார்கள். ஆண்கள் வண்டி வண்டியாகக் கதிர்க்கட்டுகளைக் கொண்டுவந்து வேலிப் படலோரம் இறக்கிவிட்டு வெளியே நின்றார்கள். உள்ளே பெண்கள் அடித்தார்கள். பழகாத கைகள், பாதி நெல் தாளை விட்டு வரமாட்டேன் என்றது. "ஓங்கி அடிங்கடி!" என்று கருப்பையன் வேலிக்கு வெளியிலிருந்து கத்த, "நீ மாட்டப் பாரு!" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

முகம்மது இப்ராஹிம் குடை பிடித்துக்கொண்டு நிரவிக் களத்துக்குப் போனார். அங்கே ஒரு நாய் படுத்திருந்தது. விஷயம் தெரிந்து வேர்க்க விறுவிறுக்கக் கொல்லைப்புறம் வந்து சேர்ந்தார். படலுக்குக் குறுக்கே கருப்பையன், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெகு பணிவாக நின்றான்.

"இத்தா வூடுங்க மொதலாளி. ஆம்பள காலு வைக்கக்கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

உள்ளே அல்லி மரக்காலைக் கையில் எடுத்திருந்தாள். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணுவதில்லை, லாபம் என்றுதான் சொல்வார்கள். அதுநாள்வரை அந்தப் பண்ணையில் ஆண் குரலில் மட்டுமே கேட்ட வார்த்தை.

"லாபம்!" என்றாள் அல்லி. தெரு வரைக்கும் கேட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கதவடியில் பீவியின் குரலும் சேர்ந்துகொண்டது. கடைசி மரக்கால் வரை முகம்மது இப்ராஹிம் படலோரம் நின்று கேட்டார். பிறகு குடையை மடக்கிக்கொண்டு, "நெல்லு நல்லா காயட்டும், ஈரத்தோட கொட்டிப்புடாதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்கப்புறம் அவர் குத்தகைப் பேச்சை எடுக்கவே இல்லை. பண்ணைக்கு உடையவள் யார் என்று தெருவே காதால் கேட்டுவிட்டதே.

தனியே குவித்த அந்த முதல் மரக்கால் நெல்லைப் பத்தாயத்தில் கொட்டப் போன அல்லியைப் பீவி தடுத்தார்.

"மடியப் புடி."

"இது லாபமுங்க பீவிம்மா. வூட்டுக்குள்ளதான் போவணும்."

"பண்ணையத் தூக்கிட்டு இந்த வூட்டுக்கு வந்தவ நீ. ஒனக்கு என்ன குடுத்தாலும் ஈடாவாது, தெரியும். இருந்தாலும் புடி."

இத்தா முடிந்ததும் பீவி வண்டி கட்டிக்கொண்டு நிரவிக்குப் போனார். அடுத்த தையில் களத்திலேயே போய் நின்றார். கண்மூடும் வரை பண்ணையைப் பார்த்தார், அல்லிதான் அளந்தாள். அத்தனை வருஷத்திலும் லாபம் என்று அளந்த நெல் ஒருதடவைகூடப் பத்தாயத்தில் விழவில்லை. அது அல்லியின் மடிக்குத்தான் போயிற்று.