டர்போ ஆறும் நேரம்

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதிலும் பாதி நாள் தோட்டப் பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாக லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்த நாள்தான். அப்புறம் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் கெலிண்டான் ஆனேன். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நின்ற இடத்தில் குதித்து, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, கயிறு இழுத்துக் கட்டுகிற ஆள். நாற்பது வயசு ஆவதற்குள் என் பெயரில் எட்டு லாரி ஓடியது. எங்கள் ஊர் குளுவாங்கில் பழைய ஆள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என்னை யாரும் தூக்கிவிடவில்லை. நானே ஏறினேன்.

எட்டாவது லாரி வந்த வருஷம்தான் குடும்பத்துக்கு என்று ஒரு கார் எடுத்தேன். என் நிலைமைக்கு எல்லாரும் நீளமான கறுப்புக் காரைச் சொன்னார்கள். நான் எடுத்தது ஸ்டேஷன் வேகன். ஐரோப்பா வண்டி, கரும்பச்சை, பெட்ரோல் டர்போ. பின்னாடி கூரை கடைசிவரைக்கும் போகும். சாமான் வைக்கிற இடத்தில் தரையைத் தூக்கினால் இரண்டு சின்ன சீட்டு எழும்பும், வந்த வழியைப் பார்த்தபடி. என் மகளுக்கு அந்த இடம்தான். பின்னால் வருகிற லாரிக்காரர்களுக்குக் கையைக் காட்டிக்கொண்டே வருவாள். அதற்காகவே அவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

வண்டியைக் கடைத்தெருவில் நிறுத்திய அன்று, மளிகைக்கடைச் சீன முதலாளி, தௌகே என்போம், சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"பாஸ், இதுல ஆளை உக்கார வச்சுக் கொண்டுபோவியா, படுக்க வச்சுக் கொண்டுபோவியா?"

"மத்தவங்களை உக்கார வச்சுதான். உங்க தொப்பைக்கு மட்டும் படுக்கைதான் சரிப்படும், தௌகே. ஏறிப் படுங்க."

சிரித்தவர் அடுத்த வாரமே ஏறினார். ஹைவே மேட்டில் மிதித்தேன். அந்த வண்டி முதலில் ஒரு மூச்சு இழுக்கும், ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அடுத்த நொடி முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். தௌகே "அலமாக்!" என்று அலறி டேஷ்போர்டைப் பிடித்தவர், குளுவாங் திரும்பும்வரை கையை எடுக்கவில்லை. குடும்ப வண்டியில் அந்த ஓட்டம் ஓடியவன் அன்றைக்கு இந்த ஊரில் நான் ஒருத்தன்தான்.

அந்த வண்டிக்கு ஒரு பழக்கம் வைத்தேன். வீட்டு போர்ச்சில் வந்து நின்றதும் எஞ்சினை உடனே நிறுத்தக் கூடாது. ஒரு நிமிஷம் சும்மா ஓட வேண்டும். டர்போ உள்ளே சிவக்கச் சிவக்கச் சுற்றியிருக்கும். பட்டென்று நிறுத்தினால் எண்ணெய் அங்கேயே கருகி அடைத்துக்கொள்ளும். லாரியில் நான் கற்ற பாடம் இது. என் எட்டு லாரி டிரைவர்களுக்கும் இதுதான் சட்டம். மீறுகிறவன் சாவியை வைத்துவிட்டுப் போகலாம்.

பிள்ளைகளுக்கு இந்தச் சட்டம் பிடிக்காது. மகன் பின்கதவைத் திறந்துவிட, மகள் குதிக்க, இரண்டும் வீட்டுக்குள் ஓடிவிடும். வண்டியில் நானும் என் சம்சாரமும் மட்டும் இருப்போம்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் பேசுகிற புருஷன் இல்லை. ஓட்டும்போது டிரைவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பதும் என் சட்டம்தான். வீட்டுக்குள் போனால் எனக்கு போன், அவளுக்கு அடுப்படி. அதனால் எங்கள் பேச்சு எல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்குள்தான். மகனுக்குக் கணக்கு வரவில்லை என்பாள். மாடியில் தண்ணீர் ஒழுகுது என்பாள். "அந்தச் சட்டையை இனிமே போடாதீங்க, கிளி மாதிரி இருக்கு" என்பாள். நான் "ம்" என்பேன். சில நாள் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடி வழியாக ரோஜாத் தொட்டிகளைப் பார்ப்பாள். எஞ்சின் ஓடும்.

மூன்றாவது வருஷம் என் மெக்கானிக், ஒரு சீனப் பையன், பானெட்டுக்குள் தலையை விட்டபடி கேட்டான்: "பாஸ், வீட்டுக்குப் போனா இத ஓட விட்டுக்கிட்டா உக்காந்திருக்கீங்க? பெட்ரோல் அதிகம் குடிக்குதுன்னு சொன்னீங்களே?"

"ஆமா. டர்போ ஆறணும்ல?"

"தாக் பாயா லா, பாஸ்!" வேண்டியதே இல்லையாம். "இது பழைய லாரி இல்ல. இந்த டர்போவுக்குச் சூட்டை ஆத்தத் தண்ணி ஓடுது. ஊருக்குள்ள மெதுவா வந்து நிக்கிற வண்டி, அப்படியே ஆஃப் பண்ணுங்க."

முப்பது வருஷம் எஞ்சினோடு வாழ்ந்தவன் என்று சொல்லிக்கொள்கிற எனக்கு, அது தெரியவில்லை. தப்புதான். ஆனால் வீட்டில் போய் நான் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் போர்ச்சில் நின்றதும் அவள், "இன்னிக்கு என்ன சொன்னான் மெக்கானிக்?" என்றாள். "எல்லாம் சரியா இருக்குன்னான்" என்றேன். எஞ்சினை நிறுத்தவில்லை.

அப்படியே இருபது வருஷத்துக்கும் மேல் போனது. ஒரு நிமிஷம் மூன்றாகும், ஐந்தாகும். "இன்னும் ஆறலையா?" என்று கேட்பாள். "ஏத்தம் ஏறி வந்தோம்ல, நேரமாகும்" என்பேன். குளுவாங் டவுனிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏற்றமே கிடையாது. தன் வயிற்றில் கட்டி மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது என்று முதலில் சொன்னதும் அந்த சீட்டில் உட்கார்ந்துதான். அன்றைக்கு எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரியாது. பெட்ரோல் லைட் எரிந்த பிறகுதான் இறங்கினோம்.

அவள் போய் ஆறு வருஷமாகிறது. மகன் ஆஸ்திரேலியாவில். மகளுக்கு மாசாயில் வீடு, வேலை கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில். அவளுக்கு விடியற்காலையில் ஒரு பாலம், சாயங்காலம் ஒரு பாலம். பாலத்தில் ஜாம் ஆனால் எனக்கு போன் வரும். "சாப்டீங்களா? மருந்து போட்டீங்களா?" என்று ஆரம்பிப்பாள். நான் நடைப்பயிற்சி எத்தனை சுற்று என்று கூட்டிச் சொல்வேன். வரிசை நகர்ந்து சோதனைச் சாவடி வந்ததும், "சரிப்பா, கவுண்டர் வந்துடுச்சு" என்று வைத்துவிடுவாள். ஜாம் இல்லாத நாள் போனும் இல்லை. பாலம் காலியாக இருக்கிறது என்று ரேடியோவில் சொன்னால் எனக்குப் பிடிக்காது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மற்றபடி எனக்கு வண்டிதான். தினமும் சாயங்காலம் டவுனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, போர்ச்சில் நிறுத்தி, ஓட விட்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து சீட்டில் சாமான் எதையும் வைப்பதில்லை.

போன மாதம் கேட் தூணில் உரசிவிட்டேன். விளக்கு உடைந்து, கதவு நீளத்துக்குக் கோடு. இந்தக் கையால் செம்மண் பாதையில் லாரியை ரிவர்ஸில் ஏற்றியிருக்கிறேன், ஆகவே கை மேல் குற்றமில்லை. கண்தான். இடது பக்கம் மங்கி மூன்று மாதமாகிறது. டாக்டர், "இனிமே ஓட்டாதீங்க" என்று சொல்லிவிட்டார். அதையும் நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள்?

பக்கத்து வீட்டுக்காரர் என் மகளுக்குச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து நின்றாள். கதவில் விழுந்த கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள் கேட்டாள்:

"தூண் வந்து இடிச்சுச்சாப்பா?"

"தூணை வச்சவன் ஒழுங்கா வைக்கல."

"வச்சது நீங்கதானே?"

வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தேன். ஒரே சாவியில் பிடித்தது. கேட்கட்டும் என்று கொஞ்சம் மிதித்தேன். அவள் சுற்றி வந்து கதவைத் திறந்து, அந்த சீட்டில் உட்கார்ந்தாள். ஆறு வருஷத்தில் அதில் உட்கார்ந்த முதல் ஆள்.

"கிளினிக்குக்கு போன் பண்ணினேன்பா. கண்ணு விஷயம் தெரியும். சாவியைக் குடுத்துடுங்க. குழந்தைங்க சைக்கிள் ஓட்டுற ரோடுப்பா இது."

அது சரிதான். அந்தக் குழந்தைகளை நானும் பார்க்கிறேன், வலது கண்ணால்.

"இரு. டர்போ ஆறட்டும்."

"கார் நகரவே இல்ல, ஆறட்டும்ங்கிறீங்க!" சிரித்தாள். "அப்பா, இந்த வண்டிக்கு அதெல்லாம் தேவையே இல்ல. நான் எப்பவோ படிச்சேன்."

"எனக்கு நீ படிக்கிறதுக்கு முந்தியே தெரியும்."

சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அம்மாவுக்கும் தெரியும்பா. மார்க்கெட்டுக்கு அம்மாதானே ஓட்டிட்டுப் போவாங்க? வீட்டுக்கு வந்து நின்ன உடனே டப்புனு ஆஃப் பண்ணிடுவாங்க. நான் கேட்டேன், 'ஆற வேணாமாம்மா?'ன்னு. 'அது உங்கப்பா கூட இருந்தாதான் ஆறணும்'னாங்க."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கண்ணாடி வழியாக ரோஜாத் தொட்டிகளைப் பார்த்தேன்.

ஒரு நிமிஷம் ஆனதும் நானே நிறுத்தி, சாவியை உருவி அவள் கையில் வைத்தேன். அவள் கேட்டதால் கொடுக்கவில்லை. நானாகக் கொடுத்தேன்.

விற்பனைக்கு என்று இணையத்தில் படம் போட்ட அன்றே ஐந்து பேர் கேட்டார்கள், வண்டி அப்படி. நான் தேர்ந்தெடுத்தது பத்து பாகாட் ஊரிலிருந்து வந்த மலாய்க்காரத் தம்பியை. மற்றவர்கள் நண்பர்களோடு வந்தார்கள், அவன் பெண்டாட்டியோடு வந்தான். அவள் பின்னாடி போய் அந்தச் சின்ன சீட்டைத் தூக்கிப் பார்த்துக் கைதட்டினாள்.

கிளம்பும்போது அவனிடம் மலாயில் சொன்னேன்: "வீட்டுக்குப் போனதும் உடனே நிறுத்தாதே. ஒரு நிமிஷம் ஓடட்டும்."

"அங்கிள், இது தண்ணி ஓடுற டர்போ. வேண்டியதில்லை."

"தெரியும். பக்கத்தில் அவள் இருக்கிற நாள் மட்டும் செய்."

அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. பெண்டாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தாள். தெரு முனையில் ஒரு மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் போர்ச்சில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்தேன். மகள் போன் வந்தது.

"போயிடுச்சாப்பா?"

"போயிடுச்சு. ஜாமா?"

"நல்ல ஜாம்."

சாப்பிட்டதைக் கேட்டாள். நடந்த சுற்றைக் கூட்டிச் சொன்னேன். அவள் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "கவுண்டர் வந்துடுச்சு, வைக்காதீங்க, அப்படியே இருங்க" என்றாள். போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவள் மலாயில் யாருக்கோ நன்றி சொன்னாள். அப்புறம் ரோட்டுச் சத்தம். வழி முழுக்கத் தன் ஆபீஸைப் பற்றிப் பேசினாள். கடைசியில் கேட் நகர்கிற சத்தம் கேட்டது.

"வீட்டுக்கு வந்துட்டேன்பா. வண்டியை உள்ள விட்டுட்டேன்."

"சரி, போய்ப் பிள்ளைங்களைப் பாரு. வச்சுடறேன்."

"இருங்க. ஒரு நிமிஷம் ஆகட்டும்."

"உன்னோடது பேட்டரி வண்டி. அதுல ஆற என்ன இருக்கு?"

"நீங்க இருங்கப்பா" என்றாள்.

இருந்தேன்.